சிலுவையும் செங்கோலும் – 11: இரட்டை வரி

கல்வராயன் மலையில் 1976 வரைக்கும் மூன்று ஜாகிர்கள் இருந்தன. சடையக்கவுண்டன் ஜாகிர், குறும்பக்கவுண்டன் ஜாகிர், ஆரியக்கவுண்டன் ஜாகிர். தில்லியில் மூவர்ணக் கொடி ஏறி ஒரு தலைமுறை கழிந்த பின்னும் அந்த மலைக்குடிகளுக்கு ராஜா ஜாகிர்தார்தான், வரியும் அவருக்குத்தான். கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று கீழ்நாட்டுக்கு இறங்கி வரும் மலைக்காரப் பெரியவர்கள் சிலருக்கு அந்தக் காலம் இன்னும் நினைவில் இருக்கும். தம்மை ஆள்வது யார் என்பதற்கு அவர்களிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது: வரியை யார் வாசலில் கொண்டுபோய்க் கட்டுகிறோம்?

சின்னசேலத்தில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரிக் கதை எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலைக்காரர்களின் அந்த அளவுகோல் ரோமாபுரிக்கும் பொருந்துகிறது என்பதுதான் பதில். இதுவரை வந்த பகுதிகளில் கனவு, வானத்தில் தெரிந்த சிலுவை, 312-ஆம் ஆண்டு மில்வியன் பாலத்துப் போர் என்று பார்த்தோம். கான்ஸ்டன்டைன் மனத்தளவில் கிறிஸ்தவர் ஆனாரா, ஆதாயத்துக்காக ஆனாரா என்று மேல்நாட்டு அறிஞர்கள் நூற்றாண்டுகளாக அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை குறைவு. ஒரு மதத்தை அரசன் எந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்று அறிய மெய்க்கீர்த்தியைக் காட்டிலும் இறையிலிக் கணக்கு நம்பகமானது. இந்த இதழில் அந்தக் கணக்கைப் பிரிப்போம்.

முதல் ஏடு 313-ஆம் ஆண்டுக்குரியது. வட ஆப்பிரிக்காவின் ஆளுநர் அனுலினுஸுக்குக் கான்ஸ்டன்டைனிடமிருந்து ஓர் ஓலை போகிறது. கார்த்தேஜ் நகரில் ஆயர் கெசிலியானுஸின் கீழ் உள்ள திருச்சபையின் குருமார் எல்லாரையும் ஊர்ப் பொதுச் சுமைகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது ஆணை. அதே சமயத்தில் கெசிலியானுஸுக்கே இன்னொரு கடிதம்: 3,000 ஃபோலிஸ் பணம் தரச் சொல்லியிருக்கிறேன், குறிப்பிட்ட குருமாருக்குப் பகிர்ந்து கொடுங்கள். பத்து வருடத்துக்கு முன்பு, 303-இல், டயோக்ளீஷியன் ஆட்சியில் கோயில்களை இடித்து வேதநூல்களைக் கொளுத்திய அதே அரசாங்க யந்திரம்தான் இப்போது பணப்பையோடு வருகிறது.

பொதுச் சுமை என்றால் என்ன? நகர மன்றத்தாரின் வேலை. நம்மூர்ப் பழைய மணியக்காரரின் மிடுக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம்; வசூல் குறைந்தால் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டிய மணியம் அது. சாலை பழுதுபார்க்க வேண்டும், பொதுக் குளிப்பிடங்களுக்கு விறகு போட வேண்டும், படை வந்து தங்கினால் சோறு போட வேண்டும். நிலபுலன் உள்ள குடும்பங்கள் இந்தப் பதவிக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்த காலம். குருவானால் விடுதலை என்று ஆணை வந்ததும் என்ன நடந்திருக்கும்? பணக்காரர்களுக்கு ஒரேயடியாக தேவ அழைத்தல் கேட்கத் தொடங்கியது! சில ஆண்டுகளுக்குள் கான்ஸ்டன்டைனே இன்னொரு சட்டம் போட வேண்டியதாயிற்று. நகர மன்றக் குடும்பத்தினரும் வசதியுள்ளவர்களும் குருத்துவத்துக்குள் நுழையக் கூடாது, இறந்த குருவின் இடத்துக்கு மட்டும் புதியவரைச் சேர்க்க வேண்டும் என்று.

அதைவிடப் பெரிய வினை அந்த முதல் ஆணைக்குள்ளேயே இருந்தது. சலுகை என்று ஒன்று வந்துவிட்டால், யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று ஒருவர் வரையறுக்க வேண்டும். கார்த்தேஜில் அப்போது கிறிஸ்தவர்கள் இரண்டாகப் பிளந்து கிடந்தார்கள். வேதகலாபனைக் காலத்தில் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் கையால் அபிஷேகம் பெற்றவர் கெசிலியானுஸ், அவர் ஆயரே அல்லர் என்றது ஒரு கட்சி. பின்னால் டொனாட்டுஸ் என்பவர் தலைமைக்கு வந்ததால் அவர்களுக்கு டொனாட்டியர் என்று பெயர். யார் உண்மையான திருச்சபை என்று தீர்ப்புச் சொல்லும்படி பேரரசனிடம் முதலில் மனுக் கொடுத்தவர்கள் இந்த டொனாட்டியரேதான். ரோமில் ஒரு விசாரணை, 314-இல் ஆர்ல் நகரத்தில் ஆயர் மன்றம், கடைசியில் அரசனின் நேரடித் தீர்ப்பு. மூன்றும் அவர்களுக்கு எதிராகவே போயின. அடுத்து வந்தவர்கள் படைவீரர்கள். கிறிஸ்தவத்துக்குப் பரிந்து நின்ற முதல் பேரரசனின் ஆட்சியிலேயே, கிறிஸ்தவர்கள் பிடித்திருந்த கோயில்களைக் காலிசெய்ய அரசுப் படை போனது. 321-இல் கான்ஸ்டன்டைன் அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

கால் நூற்றாண்டு கழித்து, 347-இல், அவர் மகன் கான்ஸ்டன்ஸின் தூதர்கள் பணத்தோடு ஆப்பிரிக்கா வந்தபோது, திருச்சபைக்குள் பேரரசனுக்கு என்ன வேலை என்று டொனாட்டுஸ் சீறியதாகச் சொல்வார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அரசனின் வாசலை முதலில் தட்டிய கட்சி அது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

326-இல் சட்டம் தெளிவாகவே வந்துவிட்டது. சமயச் சலுகைகள் கத்தோலிக்கக் கொள்கையினருக்கு மட்டும். மற்றப் பிரிவினருக்குச் சலுகை இல்லை, அவர்கள் மேல் சுமையும் ஏற்றப்படும். கிறிஸ்தவக் கொள்கையை வரையறுத்த நிசேயா சங்கம் முடிந்து ஏறக்குறைய ஒரு வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. எது சரியான கிறிஸ்தவம் என்பது இனி இறையியலார் மட்டும் பேசும் பேச்சு அல்ல, வசூல் அலுவலர் பார்க்கும் பட்டியலும் ஆகிவிட்டது. பழைய தெய்வங்களுக்குத் திரும்பிய ஜூலியன் 361-இல் அரியணை ஏறியதும் இந்தச் சலுகைகளில்தான் கைவைத்தார்; நகர மன்றக் குடும்பத்துக் குருமாரெல்லாம் பழைய சுமைக்குத் திரும்புங்கள் என்றார். சிங்கத்துக்குப் போடவில்லை, வரிப்பட்டியலில் போட்டார். அவர் 363-இல் போரில் இறந்ததும் காற்று மறுபடி திசை மாறியது. 380-இல் தியோடோசியஸ் நிசேயாக் கொள்கையையே பேரரசின் சமயமாக அறிவித்தார். 385-இல் டிரியர் நகரத்தில் பிரிசிலியன் என்ற ஆயரை, ஆயர்கள் சிலர் தொடுத்த வழக்கின் மேல், கிறிஸ்தவப் பேரரசன் ஒருவன் தலை வெட்டிக் கொன்றான். தூர் நகரத்து மார்ட்டின் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடிப் பார்த்தார். பலிக்கவில்லை.

பாடநூல் வரலாறு பெரும்பாலும் ரோமின் எல்லையோடு நின்றுவிடும். நமக்கு வேண்டிய கதை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளைத் தாண்டினால் சாசானியப் பாரசீகம். அங்கேயும் கிறிஸ்தவர்கள் ஏராளம். ரோமில் வேதகலாபனை நடந்த காலத்தில் பாரசீக மன்னர்கள் அவர்களைப் பெரும்பாலும் அவர்கள்பாட்டுக்கு விட்டிருந்தார்கள். எதிரி நாட்டான் துரத்துகிறவர்கள் நமக்கு எதிரி ஆவானேன்?

கான்ஸ்டன்டைன் பாரசீக அரசன் ஷாபூருக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ரோம அரசர்கள் என்ன கதி ஆனார்கள் என்று சொல்லி, உங்கள் நாட்டில் கிறிஸ்தவர்கள் நிறைய இருப்பதறிந்து மகிழ்கிறேன், அவர்களை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன் என்று முடித்தார். அக்கறையோடு எழுதியதாகவே இருக்கட்டும். படித்த ஷாபூர் என்ன நினைத்திருப்பார்? என் குடிகளில் ஒரு கூட்டத்துக்கு எதிரி நாட்டு மன்னன் பாதுகாவலன் என்றால், போர் வந்தால் அந்தக் கூட்டம் யார் பக்கம்? போரும் வந்தது. 337-இல் கான்ஸ்டன்டைன் இறக்கும் தறுவாயில் திருமுழுக்குப் பெற்று இறந்தார். பாரசீகத்தின் மேல் படையெடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்த சமயம் அது. அவர் போனதும் ஷாபூர் எல்லை நகரமான நிசிபிஸை முற்றுகையிட்டார்.

போருக்குப் பணம் வேண்டும். கிறிஸ்தவர்கள் இரட்டை வரி கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதை வசூலித்துத் தரும் பொறுப்பு தலைநகர் செலூக்கியா–தெசிபோனின் ஆயர் சிமியோன் பார் சப்பாயே தலையில் விழுந்தது. சாயத்தொழில் குடும்பத்துப் பிள்ளை. என் மக்கள் ஏழைகள், நான் மேய்ப்பன், வரி தண்டுகிறவன் அல்லன் என்று மறுத்துவிட்டார். கோயில்கள் இடிந்தன, ஆயர் கைதானார். நம் நாட்டில் குடியிருந்துகொண்டு சீசரோடு மனம் ஒத்திருக்கிறார்கள் என்பதுதான் அரசன் சாட்டிய குற்றமாகச் சிரியாக் மொழிச் சரிதம் சொல்கிறது. 340-களின் தொடக்கத்தில் ஒரு புனித வெள்ளியன்று சிமியோனும் அவரோடு சுமார் நூறு பேரும் வெட்டுண்டார்கள். அதன் பிறகு ஷாபூர் இறந்த 379 வரை, விட்டு விட்டு, நாற்பது ஆண்டுகள். பெயர் தெரிந்த சாட்சிகள் மட்டும் 16,000 என்று அடுத்த நூற்றாண்டில் சோசோமென் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். கொலை நீண்ட காலம், பரவலாக நடந்தது என்பதில் ஐயமில்லை.

கார்த்தேஜில் வரி விலக்கு, தெசிபோனில் இரட்டை வரி. இரண்டுக்கும் இடையே முப்பது ஆண்டுதான். இரண்டாவது முதலாவதன் பின்விளைவு என்பது என் எண்ணம். ரோமில் சிலுவை அரண்மனை ஏறாமல் இருந்திருந்தால், பாரசீகத்துக் கிறிஸ்தவன் ஒற்றன் என்று சந்தேகப்படும் நிலைக்கு வந்திருக்க மாட்டான். ஷாபூருக்கு அவர்கள் வேதத்தில் எந்த வாசகத்தோடும் சண்டையில்லை.

இந்தக் கணக்கைப் பாரசீகத் திருச்சபையே பிற்பாடு போட்டுப் பார்த்தது. 399-இல் பட்டமேறிய முதலாம் யஸ்தகிர்த் இணக்கமானவர்; அவருடைய சொந்த மதமான சொராஸ்டிரிய மதத்துக் குருமார் அவருக்கு வைத்த பட்டம் பாவி. ரோமின் தூதராக வந்த ஆயர் மாருத்தா இடையில் நின்று பேச, 410-இல் செலூக்கியாவில் ஆயர் மன்றம் கூடியது. நிசேயாக் கொள்கையை ஏற்றார்கள், தலைநகர் ஆயரே தலைவர் என்று முடிவு செய்தார்கள். நெருப்பை வணங்கும் மன்னனின் ஆணைப்படி கூடிய கிறிஸ்தவ மன்றம்! மன்னனுக்காக வேண்டுதலும் நடந்தது. பதினான்கு வருடம் கழித்து, 424-இல், இன்னொரு மன்றம் ஒருபடி மேலே போனது: எங்கள் தலைவர் மேல் புகார் என்றால் மேற்கத்திய ஆயர்களிடம் மேல்முறையீடு கிடையாது. ரோமோடு ஒட்டு இல்லை, உறவு இல்லை. கோட்பாட்டுச் சண்டை பிறகு வந்தது. ஆயர் நெஸ்டோரியுஸைக் கண்டித்த எபேசு சங்கம் 431-இல்தான் கூடியது. கழுத்துக்குக் கத்தி வராமலிருக்க முதலில் முகவரியை மாற்றிக்கொண்டார்கள். இறையியல் அதற்கேற்பப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

நம் கடற்கரைக்கு வந்த கிறிஸ்தவம் இந்த முகவரியிலிருந்து வந்ததுதான். புனித தோமையார் கி.பி. 52-இல் வந்தார் என்பது நம்மவர் மரபு. அந்த மரபை ஏற்பவர்களும் பிற்காலத் திருச்சபை வாழ்வு பாரசீகத்தோடு பிணைந்திருந்ததை மறுப்பதில்லை.

ரோம் நம் பக்கம் ஒருமுறை கை நீட்டிப் பார்த்தது. தியோஃபிலோஸ் என்று ஒருவர், பட்டப்பெயரே இந்தியர். இந்தியப் பெருங்கடலில் ஏதோ ஒரு தீவிலிருந்து சிறுவயதில் பிணைக்கைதியாக ரோமுக்குப் போனவர். 350-களில் ரோமப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் அவரை ஆயராக்கித் தென் அரேபியாவுக்குத் தூது அனுப்பினார், கப்பதோக்கியாவின் உயர்ஜாதிக் குதிரைகள் 200-ஐயும் கப்பலேற்றி. அங்கே மூன்று கோயில்களுக்கு இடம் கிடைத்தது. பிறகு சொந்தத் தீவுக்கும் இந்தியாவின் வேறு பகுதிகளுக்கும் போனாராம். அங்கே ஏற்கெனவே இருந்த கிறிஸ்தவர்கள் நற்செய்தி வாசிக்கும்போது உட்கார்ந்து கேட்டதைத் திருத்தினாராம். இதில் எனக்கு ருசிப்பது குதிரைகள். வேதம் சொல்லப் போனவர் பின்னால் பேரரசின் லாயமே போனது. பாரசீகத்தைச் சுற்றிக்கொண்டு செங்கடல் வழியாக நட்பு தேடும் அரசியல் அது. நம் கரையில் அது வேர் பிடித்ததற்கு அடையாளம் இல்லை.

வேர் பிடித்தது எது என்று ஆறாம் நூற்றாண்டின் நடுவில் காஸ்மாஸ் எழுதிவைத்திருக்கிறார். அலெக்சாண்டிரிய வணிகராக இருந்தவர். இலங்கைத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் திருச்சபை உண்டு, குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டவர், மன்னனும் மக்களும் வேறு மதத்தார். மிளகு விளையும் மலபாரிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. கல்லியாணாவில் பாரசீகத்தில் அபிஷேகம் பெற்ற ஆயர் உண்டு என்கிறார். 1912-இல் அநுராதபுரத்தில் கிடைத்த கற்சிலுவை இந்தப் பக்கத்துக்குச் சித்திரம் போல இருக்கிறது. 1547-இல் சென்னைப் பரங்கிமலையில் போர்த்துகீசியர் கண்டெடுத்து, இன்றும் மலைக்கோயில் பீடத்தில் இருக்கும் சிலுவையைச் சுற்றி ஓடுவது பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

காஸ்மாஸ் ஒரு கதையும் சொல்கிறார். சோபாத்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் ஒரே நேரத்தில் இலங்கை மன்னன் முன் நிற்கிறார்கள். எங்கள் அரசர்தான் பெரியவர் என்று பாரசீகர் அளக்கிறார். இரு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பாருங்கள் என்று இரண்டு காசுகளை எடுத்து வைக்கிறார் சோபாத்ரோஸ். ரோமக் காசு பொன், பாரசீகக் காசு வெள்ளி. மன்னன் ரோமரை யானைமேல் ஏற்றிக் கொட்டு முழக்கோடு ஊர்வலம் விட்டானாம். ரோமன் சொன்ன கதையில் ரோமன் வெல்லாமல் வேறு யார் வெல்வது? ஐந்நூறு வருடத்துக்கு முன் பிளினியும் கிட்டத்தட்ட இதே கதையைச் சொல்லியிருக்கிறார், காசு மட்டும் வேறு. நம்ப வேண்டாம், ஆனால் அந்த இரண்டு காசுகளையும் கையில் எடுத்துப் பாருங்கள். ரோமப் பொற்காசில் அப்போது சிலுவை ஏறிவிட்டது. பாரசீக வெள்ளியின் பின்புறத்தில் அக்கினி பீடம். இலங்கையில் மணியடித்துச் செபித்த பாரசீகக் கிறிஸ்தவனின் மடியில் இருந்தது அக்கினி பீடம் பொறித்த காசு. சிலுவைக் காசு அவன் நாட்டின் எதிரியுடையது.

ரோமக் காசு நமக்கும் தூரமில்லை. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளைப் பற்றித் தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி தனி நூலே எழுதினார். கான்ஸ்டன்டைன் குடும்பமும் தியோடோசியஸ் குடும்பமும் அச்சடித்த காசுகள் கொங்கு நாட்டுக் கைகளில் புழங்கியிருக்கின்றன. காசு வந்தது, அதை அச்சடித்தவரின் மதம் அதோடு வரவில்லை.

நம் பக்கத்து அரசர்கள் மதங்களை என்ன செய்தார்கள்? சின்னசேலத்திலிருந்து மேற்கே தலைவாசல் பக்கம் போனால் தியாகனூர், ஒரே ஊரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள். கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் திருநறுங்கொண்டை, குன்றின் மேல் அப்பாண்டைநாதர் கோயில். சோழர் காலக் கல்வெட்டுகளோடு, இன்றும் வழிபாடு நிற்காத சமணத் தலம். அதே திசையில் இன்னும் போனால் பண்ருட்டியை ஒட்டித் திருவதிகை. சமணனாக இருந்த பல்லவன் நாவுக்கரசரால் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லால் குணபரவீச்சரம் கட்டினான் என்று பெரியபுராணம் சொல்லும் இடம். திருச்சிக் குகைக் கல்வெட்டிலும் மகேந்திரவர்மன் மாறுபட்ட நெறியிலிருந்து திரும்பியதாகச் செய்தி உண்டு. கான்ஸ்டன்டைனுக்கு நம் பக்கத்து இணை தேடுகிறவர்கள் உடனே இந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். பாதிதான் பொருந்தும். மகேந்திரவர்மன் மாறியதால் பல்லவ நாட்டுச் சமணர்களின் நிலங்கள் எல்லாம் பறிபோகவில்லை. நிசேயா போல ஒரு மன்றமும் கூடவில்லை. பிற்காலத்தில் தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் எடுத்த ராஜராஜனே நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். சைலேந்திர மன்னனின் விகாரை, கடல் வணிகத்தின் விகாரை. பக்தி ஒரு பக்கம், துறைமுக வருமானம் இன்னொரு பக்கம்.

இந்த வழக்கத்துக்குள் வைத்துப் பார்த்தால்தான் 849-ஆம் ஆண்டின் கொல்லம் செப்பேடு புரியும். தரிசாப்பள்ளிச் செப்பேடு என்று பெயர். சேரமன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடி, மருவான் சபீர் ஈசோ என்ற வணிகரின் தொடர்புடைய கிறிஸ்தவப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து, மொழி அன்று தமிழும் மலையாளமும் இன்னும் பிரிந்து போகாத மேலைக்கரை மொழி. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் சின்னசேலத்துக்காரருக்கும் பாதி விளங்கும்.

அதில் மதம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. யேசு யார், மூவொரு கடவுள் எப்படி, எந்தச் சங்கத்தை ஏற்கிறீர்கள் என்று அய்யனடிகள் கேட்கவே இல்லை. எழுதியிருப்பதெல்லாம் வரி. தலைக்காணம் இல்லை, ஏணிக்காணம் இல்லை, மேனிப்பொன் இல்லை, பொலிப்பொன் இல்லை. தலைவரி முதல் கள்ளிறக்கும் ஏணிமேல் போட்ட வரி வரை விலக்கு. ஊரின் அளவுகோலும் எடைக்கோலும் பள்ளியின் பொறுப்பில். வணிகக் குழுக்களான அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சுங்க விவகாரத்தில் கூட்டு, எழுபத்திரண்டு விடுபேறுகள். இந்தப் பள்ளியையும் அதன் உடைமையையும் காக்க வேண்டியவர்கள் வேணாட்டு அறுநூற்றுவர்.

தெசிபோனில் வரி தண்ட மறுத்துத் தலையைக் கொடுத்த சிமியோனின் சபை, ஐந்நூறு ஆண்டு கழித்துக் கொல்லத்தில் தராசைக் கையில் பிடித்திருக்கிறது. மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் செப்பேட்டின் இன்னொரு பகுதியையும் படிக்க வேண்டும். ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் என்று குடிகளை எண்ணிப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குடிகள் குற்றம் செய்தால் விசாரிப்பது பள்ளியார். அடிமைகள் மேல் உள்ள வரியிலும் விலக்கு. அந்தக் குடிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள். ரோமப் பேரரசன் தேவைப்படவில்லை. ஒரு சிறு நாட்டுத் தலைவனின் செப்பேட்டாலேயே திருச்சபை ஆண்டை ஆகிவிட்டது. நம் கேரள நண்பர்கள் இந்தச் செப்பேட்டை மத நல்லிணக்கச் சான்று என்று கொண்டாடும்போது இந்த வரிகளை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

நல்லிணக்கம் அதில் இல்லாமல் இல்லை. கடைசி ஏட்டில் சாட்சிக் கையெழுத்துகள் இருக்கின்றன. கூஃபி அரபு எழுத்தில் முஸ்லிம்கள், எபிரேய எழுத்தில் பாரசீக மொழி எழுதிய யூதர்கள், பஹ்லவி எழுத்தில் பாரசீகர்கள். பஹ்லவியில் ஒப்பமிட்டவர்களில் கிறிஸ்தவர்களோடு சொராஸ்டிரியர்களும் உண்டு. எந்த மதத்து மன்னனின் ஆணையால் சிமியோனின் தலை விழுந்ததோ, அந்த மதத்துக்காரர்கள் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் வரிவிலக்குக்குச் சாட்சி! காலம் மனிதர்களைப் பண்படுத்திவிட்டது என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. 651-இல் கடைசிச் சாசானிய மன்னன் கொல்லப்பட்டு அந்தப் பேரரசே மறைந்தது. 849-இல் கொல்லத்தில் நின்ற சொராஸ்டிரியனுக்கும் சொந்தப் பேரரசன் இல்லை, பக்கத்தில் நின்ற கிறிஸ்தவனுக்கும் இல்லை. இருவரும் கலீபாவின் குடிகள், இருவரும் ஒரே பருவக்காற்றுக்குக் காத்திருந்த வியாபாரிகள். சண்டை போட அவர்கள் கையில் சிங்காதனம் இல்லை.

அதே கடல்வழியின் மறுகோடியில் வேறு நிலைமை. செப்பேட்டுக்கு நான்கே ஆண்டு முன்பு, 845-இல், சீனத்தின் தாங் மன்னன் வூசோங் பௌத்த மடங்களை மூடி 2,60,500 துறவியரை வரி கட்டும் குடிகளாக்கினான். அந்நிய மதம் என்ற கணக்கில் கிறிஸ்தவத் துறவிகளும் சொராஸ்டிரியர்களும் அதே ஆணையில் வெளியேறினார்கள். 635-இல் அரண்மனை வரவேற்போடு சீனத்துக்குள் நுழைந்த சபை, அரண்மனையின் கருவூலம் காலியானபோது வெளியே நின்றது. கொல்லத்துச் சபை நீடித்ததற்கும் சீனத்துச் சபை தேய்ந்ததற்கும் இன்னும் காரணங்கள் இருக்கலாம். என் கணக்கில் முதல் காரணம் இது: சீனத்தில் அது அரசன் தயவில் இருந்தது, கொல்லத்தில் அரசனுக்கே அதன் தயவு வேண்டியிருந்தது. மிளகு ஏற்றிப்போகும் கப்பல் அவர்களுடையது.

கொல்லத்துச் செப்பேடு இரண்டு சபைகளின் கையில் பிரிந்து கிடக்கிறது. ஒரு பகுதி திருவல்லாவில் மார்த்தோமா சபையிடம், மறுபகுதி கோட்டயம் தேவலோகத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையிடம். பேரரசன் இல்லாமல் ஆயிரம் வருடம் இருந்து பழகிய இந்தக் கிறிஸ்தவர்களைத் தேடி 1498-இல் ஒரு கிறிஸ்தவ மன்னனின் கப்பல்கள் வந்தன. நூறு வருடம் கழித்து, 1599 ஜூனில், கோவாப் பேராயர் மெனெஸிஸ் உதயம்பேரூரில் மன்றம் கூட்டினார். சிரியாக் ஏடுகள் பல பிழை நூல்கள் என்று தீர்ப்பாகி நெருப்புக்குப் போயின. அது அடுத்த இதழில். செப்பேட்டு வாசகத்தின் அச்சுப் பதிப்பு உங்கள் நூலகத்தில் கிடைத்தால் அதற்குள் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். வரிப் பெயர்களில் பல உங்களுக்கே தெரிந்தவையாக இருக்கும்.